நேரோபோட்டில் குடியேற நினைப்பவருக்கு: ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயிலிருந்து ஒரு வழிகாட்டி

இங்கிலாந்தில் வீட்டு வாடகை கொடுத்துச் சலித்துப்போனவர்களுக்கு ஒரு கட்டத்தில் இந்த எண்ணம் வந்துவிடுகிறது: பேசாமல் ஒரு படகை வாங்கிக் கால்வாயில் குடியேறிவிட்டால் என்ன? ஜூன் மாதச் சாயங்காலத்தில், கூரைமேல் பூந்தொட்டி வைத்துக் கரையோரம் கட்டிக் கிடக்கும் நேரோபோட்டை, அதாவது கால்வாய்க்கென்றே ஒல்லியாகக் கட்டிய நீளப் படகை, பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். குடியேறலாம், தப்பில்லை. ஆனால் வாடகை மிச்சம் என்ற ஒரே கணக்கோடு வராதீர்கள். தண்ணீரைப் பிடித்து ஏற்றுவது, கழிவைத் தூக்கிப்போய்க் கொட்டுவது, கரி மூட்டை சுமப்பது, பேட்டரியைக் கவனிப்பது என்று வாரம் முழுக்க ஏதாவது வேலை இருந்துகொண்டே இருக்கும். அந்த வேலைகள் உங்களுக்கு ஒத்துவருமா என்று கண்டுபிடிப்பதுதான் முதல் படி. மற்றதெல்லாம் பிறகு.

ஒரு வாரம் வாடகைக்கு, அதுவும் மோசமான பருவத்தில்

வாடகைப் படகு நிறுவனங்கள் பெரும்பாலும் மார்ச் முதல் அக்டோபர் வரை படகு தருகின்றன. ஜூலையை விட்டுவிடுங்கள். மார்ச் கடைசியிலோ அக்டோபர் கடைசியிலோ ஒரு வாரம் எடுங்கள். மழையில் சுக்கான் பிடித்து நின்று, ஈரச் சட்டையை அடுப்புக்கு மேல் காயப்போட்டு, ஆறு அடி அகலத்துக்குள் இரண்டு பேர் சண்டை போடாமல் ஏழு நாள் இருந்துவிட்டால், பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

அகலம் உண்மையிலேயே அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் பிரிண்ட்லி மிட்லண்ட்ஸ் கால்வாய்களுக்கு ஏழடி அகல லாக்குகளை (நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள்) வைத்தார். அதனால் படகு 6 அடி 10 அங்குலம். சுவரும் காப்புப் பலகையும் போக உள்ளே ஆறடி சொச்சம் மிஞ்சும். நீளம் மட்டும்தான் உங்கள் விருப்பம். 70 அடிக்கு மேலும் உண்டு. 57 அடி என்று பலரும் தேடுவதற்குக் காரணம், வடக்கே சில கால்வாய்களில் லாக்குகள் குட்டையானவை. 57 அடிப் படகு ஏறக்குறைய எல்லா இடத்துக்கும் போகும்.

முதல் வாரத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயின் தென்பகுதியைச் சொல்வேன். பிரவுன்ஸ்டனில் தொடங்கினால் நாப்டன் சந்திப்பு வரை ஐந்து மைலுக்கு ஒரு லாக்கும் கிடையாது. சுக்கான் பழக அது போதும். அதன்பிறகு வரும் லாக்குகள் குறுகலானவை. ஒரே படகு மட்டும் உள்ளே போகும், கதவும் சின்னது.

சுக்கான் பழகுவது

நேரோபோட்டுக்குப் பிரேக் இல்லை. பின்னோக்கி கியர் போட்டுத்தான் நிறுத்த வேண்டும், அப்படிப் போட்டதும் சுக்கான் சொன்னபடி கேட்காது. சுக்கான் கம்பை இடப்பக்கம் தள்ளினால் படகின் முகம் வலப்பக்கம் திரும்பும். படகு நடுவில் ஊன்றித் திரும்புவதால், முகம் வலம் போகும்போது பின்பக்கம் இடம் போய்க் கரையில் இடிக்கும். இரண்டு மணி நேரத்தில் கைக்கு வந்துவிடும். பேசிப் புரியவைக்க முடியாது.

வேக வரம்பு மணிக்கு 4 மைல். நடைமுறையில் 3 மைல்தான் போவீர்கள். எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள். கட்டிக் கிடக்கும் படகுகளைக் கடக்கும்போது எஞ்சினைத் தணித்து ஊர்ந்து போக வேண்டும். வேகமாகப் போனால் நீர் இழுத்து அந்தப் படகின் முளை பிடுங்கிக்கொண்டு வரும். உள்ளே யாரோ ஒருவர் கொதிக்கும் குழம்பை இறக்கிக்கொண்டிருப்பார். புதியவர்கள் திட்டு வாங்குவது பெரும்பாலும் இதற்காகத்தான்.

பயண நேரத்துக்கு ஒரு எளிய கணக்கு உண்டு. மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுங்கள். 9 மைல், 9 லாக் என்றால் ஆறு மணி நேரம். முதல் வாரத்தில் அதோடு இன்னொரு மணியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படகின் எடை 15 டன்னைத் தாண்டும். கரையிலோ பாலத்திலோ இடிக்கப்போகிறது என்றால் இடிக்கட்டும். காலைக் கொடுத்துத் தடுக்காதீர்கள், கையையும் கொடுக்காதீர்கள். கரைக்குத் தாவாதீர்கள்; படகு ஒட்டி நின்றபின் நடுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அடி எடுத்து வையுங்கள். யாராவது தண்ணீரில் விழுந்தால் முதல் வேலை கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவருவது. பெரும்பாலான இடங்களில் எழுந்து நிற்கும் ஆழம்தான், ஆபத்து படகுக்கு அடியில் சுழலும் விசிறியிலும் குளிரிலும் இருக்கிறது. விசிறியில் துணியோ பாலித்தீன் பையோ சுற்றிக்கொண்டால், எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகே பின்பக்க மூடியைத் திறந்து கைவிட வேண்டும்.

லாக்

பயப்பட வேண்டிய அளவுக்கு இதில் சூட்சுமம் இல்லை. ஆனால் அவசரப்படக் கூடாது. இரு முனையிலும் கதவு வைத்த ஒரு தொட்டி. கதவிலும் தரையடியிலும் தண்ணீரை விடும் பேடில்கள். பேடில் என்பது நம்மூர் மதகு ஷட்டர் மாதிரிதான். அதைத் திருகி ஏற்றும் கைப்பிடி விண்ட்லஸ். இது உங்கள் சொந்தப் பொருள். இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒன்று எப்படியும் தண்ணீருக்குள் போகும்.

மேலே ஏறும்போது வரிசை இது:

1. லாக் நிறைந்திருந்து, மேலிருந்து ஒரு படகு வந்துகொண்டிருந்தால் அவர்களை முதலில் விடுங்கள். ஒரு முறை காலி செய்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் கீழே போகிறது. அது உச்சியில் உள்ள ஏரிகளிலிருந்து வருவது. வறண்ட கோடையில் லாக்கையே மூடிவிடுவார்கள்.
2. யாரும் இல்லையென்றால் கீழ்ப் பேடிலைத் தூக்கிக் காலி செய்து, கீழ்க்கதவைத் திறந்து, படகை உள்ளே விடுங்கள்.
3. கீழ்க்கதவை மூடி, கீழ்ப் பேடில்கள் இறங்கிவிட்டனவா என்று கண்ணால் பாருங்கள்.
4. மேல் பக்கத்தில் தரைப் பேடிலை முதலில், பாதியளவு மட்டும் திறங்கள். படகு நிதானமாக மேலே வரட்டும். கதவுப் பேடிலை அவசரமாகத் திறந்தால் முன்தளத்தில் அருவி கொட்டும்.
5. இரு பக்கமும் நீர்மட்டம் சமமானால் கதவு தானே இளகும். முதுகைக் கொடுத்துத் தள்ளுங்கள். அதற்கு முன் எவ்வளவு தள்ளினாலும் அசையாது.
6. படகு வெளியே போனபின் கதவை மூடி, பேடில்களை இறக்கிவிட்டுக் கிளம்புங்கள்.

விண்ட்லஸை ஒருபோதும் அச்சில் விட்டுவிட்டு நகராதீர்கள். பிடிப்பு நழுவினால் அது பம்பரமாகச் சுழன்று முகத்தில் அடிக்கும்.

இறங்கும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும். மேல்கதவின் அடியில் ஒரு திண்டு நீட்டிக்கொண்டிருக்கும். சில் என்பார்கள். லாக் நிறைந்திருக்கையில் அது தெரியாது. தண்ணீர் இறங்கும்போது படகின் பின்பகுதி அந்தத் திண்டின்மேல் உட்கார்ந்துவிட்டால், முன்பகுதி மட்டும் கீழே போகும். சில நிமிடத்தில் படகு மூழ்கிவிடும். லாக் சுவரில் வெள்ளைக் கோடு போட்டிருப்பார்கள். படகு முழுவதும் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். சுக்கான் பிடிப்பவர் அப்போது டீ குடிக்கக் கூடாது, போனைப் பார்க்கக் கூடாது. ஏதோ சரியில்லை என்று தோன்றினால் உடனே கீழ்ப் பேடிலை மூடி, மேல் பேடிலைத் திறந்து தண்ணீரைத் திரும்ப நிரப்ப வேண்டும். இந்த இரண்டு வேலையின் வரிசையை, லாக்கில் கால் வைப்பதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது.

சொந்தத் துறையா, நாடோடியா?

வாடகை வாரம் முடிந்தும் ஆசை குறையவில்லை என்றால் அடுத்து இதை முடிவு செய்ய வேண்டும்: படகைக் கட்ட நிலையான இடம் (துறை) எடுப்பதா, நகர்ந்துகொண்டே இருப்பதா. இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஏறக்குறைய 2,000 மைல் நீர்வழிகளைக் கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை 2012 முதல் பார்த்துக்கொள்கிறது. உரிமம் அவர்களிடம்தான். அதற்கு மூன்று தேவை: காப்பீடு, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கும் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ், பிறகு ஒன்று நிலையான துறை அல்லது தொடர்ந்து நகர்வேன் என்ற உறுதி.

துறை எடுத்தால் அதற்குத் தனி வாடகை. கரைமின்சாரம், தண்ணீர்க் குழாய், கார் நிறுத்தம் எல்லாம் சில இடங்களில் கிடைக்கும். ஆனால் எல்லாத் துறையும் குடியிருக்க அனுமதி பெற்றவை அல்ல, கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

துறை வேண்டாம் என்றால் 1995ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒரே இடத்தில் 14 நாளுக்கு மேல் கட்டியிருக்கக் கூடாது; உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு பாலத்துக்கு இடையே முன்னும் பின்னும் போய்வருவதைப் பயணமாக அறக்கட்டளை ஏற்பதில்லை. ஆண்டு முழுக்க 15, 20 மைலுக்குள்ளேயே சுற்றுபவரின் உரிமம் ஆறு மாதமாகச் சுருங்கலாம், மறுக்கப்படவும் செய்யலாம். 57 அடிப் படகுக்கு உரிமம் ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டும். துறையில்லாதவர்களுக்கு 2024 முதல் கூடுதல் கட்டணமும் சேர்ந்திருக்கிறது, அது ஆண்டுக்காண்டு ஏறுகிறது. பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தாலோ, வாரம் ஐந்து நாள் ஒரே அலுவலகத்துக்குப் போக வேண்டியிருந்தாலோ, துறை எடுங்கள். நாடோடி வாழ்க்கை அழகுதான், ஆனால் அது காலண்டரைப் பார்த்து நடக்கும் அழகு.

நம்மவர்களுக்கு இங்கே ஒரு தனித் தலைவலி உண்டு: முகவரி. துறையில்லாப் படகுக்குத் தபால் முகவரி கிடையாது. வங்கி, ஓட்டுநர் உரிமம், விசாக் கடிதம் எல்லாவற்றுக்கும் ஒரு முகவரி வேண்டும். நம்பகமான உறவினர் வீட்டு முகவரியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் பதிவுசெய்ய முகவரிச் சான்று கட்டாயமில்லை. வரவேற்பு மேசையில் கேட்டால் அதை நிதானமாகச் சொல்லுங்கள். காமன்வெல்த் குடிமக்கள் என்பதால் இங்கே வசிக்கும் இந்தியருக்கும் இலங்கையருக்கும் ஓட்டு உண்டு. நிலையான முகவரி இல்லாதவர், தமக்குத் தொடர்புள்ள ஊரைக் குறிப்பிட்டு வாக்காளர் பட்டியலில் சேரலாம்.

வாங்கும்போது

உள்ளே போட்ட மர வேலையைப் பார்த்து மயங்க வேண்டாம். விலை கொடுப்பது இரும்புக்கு. அடித்தட்டு 10 மில்லிமீட்டர், பக்கத் தட்டு 6, கூரை 4 என்பது வழக்கமான கனம். படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து, சர்வேயரை வைத்துத் தட்டின் கனத்தை அளக்காமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். சர்வேயர் நீங்கள் அமர்த்தியவராக இருக்க வேண்டும், விற்பவர் காட்டியவராக இருக்கக் கூடாது. எங்காவது தட்டு 4 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் காப்பீட்டு நிறுவனம் முகம் சுளிக்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை படகைக் கரையேற்றி அடிப்பகுதிக்குக் கறுப்புப் பூச்சு அடிக்க வேண்டும். அந்தச் செலவை இப்போதே எழுதி வையுங்கள். வீட்டுக் கடன் இதற்குக் கிடைக்காது.

வாரச் சுற்று

தண்ணீர்: தொட்டி படகைப் பொறுத்து 300 முதல் 600 லிட்டர். வழியிலுள்ள குழாய்களில் நிரப்பிக்கொள்ளலாம். அறக்கட்டளையின் பொதுச் சாவி ஒன்றிருந்தால் குழாயடி, கழிவுக் கொட்டிடம், குளியலறை எல்லாம் திறக்கும். குழாயடியில் படகைக் கட்டிப்போட்டுவிட்டு ஊர் சுற்றப் போகாதீர்கள்.

கழிவறை: இதைப் பற்றிப் பேச யாருக்கும் கூச்சமில்லை, படகுக்காரர்கள் கூடினால் முதல் பேச்சே இதுதான். பெரும்பாலானவை 20 லிட்டர் கொள்ளும் கேசட். நிறைந்ததும் எல்சன் என்று எழுதியிருக்கும் இடத்தில் கொட்டிக் கழுவ வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவும் நம் வழக்கத்தில் கேசட் சீக்கிரம் நிரம்பும். இரண்டு பேருக்கு இரண்டு நாள் என்று வையுங்கள், உதிரி கேசட் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கால்வாய்த் தண்ணீரில் எலிக் காய்ச்சல் கிருமி இருக்கலாம். கயிற்றைத் தொட்ட கையால் சாப்பிடக் கூடாது.

சமையல்: புரோபேன் சிலிண்டர் வாங்குங்கள். பியூட்டேன் உறைநிலைக் குளிரில் ஆவியாகாது, ஜனவரி காலையில் அடுப்பு எரியாது. நம் சமையலில் ஆவி அதிகம். இட்லி ஒரு ஈடு வைத்தால் ஜன்னலெல்லாம் நீர் வழியும், பிறகு மெத்தைக்கடியில் பூஞ்சணம். குக்கர் பரவாயில்லை, எதைச் சமைத்தாலும் கூரைத் திறப்பைத் திறந்து வையுங்கள்.

மின்சாரம்: கோடையில் கூரைமேல் சோலார் பலகை போதும், டிசம்பரில் அது பெயருக்குத்தான். தினமும் ஓரிரு மணி நேரம் எஞ்சினை ஓட்டிப் பேட்டரியை ஏற்ற வேண்டும். இரவு 8 முதல் காலை 8 வரை கட்டிய இடத்தில் எஞ்சின் ஓட்டக் கூடாது. மிக்ஸியை எஞ்சின் ஓடும்போது மட்டும் போடுங்கள். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுளும் இறங்கும்.

கரி: அக்டோபர் முதல் ஏப்ரல் வரை குளிர்காயும் கரி அடுப்பு அணையாது. புகையில்லாக் கரி மூட்டை, டீசல், எரிவாயு எல்லாம் விற்றுக்கொண்டு வரும் எரிபொருள் படகுகள் உண்டு. அவர்கள் வரும் நாளைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். குளிருக்குப் பயந்து காற்றுத் துளைகளை அடைப்பவர்கள் கார்பன் மோனாக்சைடில் செத்துப்போகிறார்கள். மணமில்லாத வாயு. அதற்கான எச்சரிக்கைக் கருவி 2019 முதல் கட்டாயம். வாரம் ஒருமுறை பொத்தானை அழுத்திச் சோதியுங்கள்.

நாப்டனிலிருந்து தெற்கே

இவ்வளவு சுமையும் எதற்காக என்று நாப்டன் குன்றின் மேலிருக்கும் காற்றாலையைச் சுற்றிக் கால்வாய் வளையும்போது புரியும். ஒன்பது லாக் ஏறி மார்ஸ்டன் டோல்ஸ் வந்தால் உச்சி மட்டம். அங்கிருந்து க்ளேடன் வரை 11 மைல் ஒரு லாக் கிடையாது. நேர்க்கோட்டில் அளந்தால் அதில் பாதிகூட வராது. குன்றைக் குடைய மனமில்லாமல், ஒரே உயரத்தைப் பிடித்து வளைந்து வளைந்து போன பிரிண்ட்லி காலத்துப் பாணி. காலையில் இடப்பக்கம் பார்த்த மரம் மத்தியானம் வலப்பக்கம் நிற்கும். வார்ம்லெய்ட்டன் பக்கம் சரிந்த வெயிலில் புல்வெளியைப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக வரிகள் தெரியும். இடைக்கால உழவுத் தடம். 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆடு மேய்ப்பதற்காக இங்கிருந்த ஊரையே காலி செய்தார்கள். வீடுகள் போய்விட்டன, உழவு அப்படியே இருக்கிறது. இந்த உச்சியில் ஒரு நாளாவது கட்டிப் போடுங்கள். போன் சிக்னல் சில இடங்களில் வராது, வேலை உள்ளவர்கள் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளவும்.

க்ரோப்ரெடியில் லாக்கிலிருந்து சில நிமிட நடையில் செர்வெல் ஆற்றுப் பாலம். 1644 ஜூனில், உள்நாட்டுப் போரில், மன்னர் முதலாம் சார்லஸின் படை நாடாளுமன்றப் படையை மடக்கிய இடம். பான்பரியில் கடைவளாகத்தை ஒட்டியே 1790 முதல் இருக்கும் டூலி படகுப் பட்டறை. சாமான் வாங்கப் போகும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். அதற்குக் கீழே தூக்குப் பாலங்கள் அதிகம். பல எப்போதும் திறந்தே நிற்கும். மூடியிருப்பதைத் தூக்கினால், படகு கடந்து முடியும் வரை ஒருவர் அதன் நெம்புமரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். தனியாகப் பயணிப்பவருக்கு இது சள்ளை பிடித்த வேலை.

சோமர்ட்டன் லாக் 12 அடி ஆழம், கீழ்ப்பக்கம் ஒற்றைக் கதவு. கனமானது, இரண்டு பேராகத் தள்ளுங்கள். அடுத்து ஹெய்ஃபோர்டு. நடந்து பார்க்க விரும்புபவருக்கு இதைவிட வசதியான இடம் இந்தக் கால்வாயில் இல்லை, ரயில் நிலையம் கால்வாய்க் கரையிலேயே இருக்கிறது. படகை இங்கே கட்டிவிட்டு ரயிலில் பான்பரி போய், கரைப்பாதை வழியாக நடந்து திரும்பலாம்; முழு நாள் நடை அது. குட்டை நடை வேண்டுமென்றால் ரௌஷம் தோட்டம். 18ஆம் நூற்றாண்டில் தோட்ட வடிவமைப்பாளர் வில்லியம் கென்ட் அமைத்தது, பெரிதாக எதுவும் மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை. பிள்ளைகளோடு போய் வாசலில் நிற்காதீர்கள்.

மே மாதம் ஹாதார்ன் முட்புதர் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். ஆகஸ்ட் கடைசியில் வேலியோரம் பிளாக்பெர்ரி. கூரைமேல் நின்றே பறிக்கலாம். நாரை போல ஒரு கால் மடக்கி நிற்கும் ஹெரான் படகுக்குப் பத்தடி முன்னால்வரை அசையாமல் இருந்து, பிறகு நூறடி பறந்துபோய் மறுபடி உங்கள் வழியிலேயே நிற்கும். மீன்கொத்தி நீலக் கோடாகப் போவதைப் பார்க்க வேண்டுமென்றால் எஞ்சினை அணைத்துக் காத்திருக்க வேண்டும்.

பேக்கர்ஸ் லாக்கிலிருந்து ஷிப்டன் வியர் லாக் வரை ஏறக்குறைய ஒரு மைல் கால்வாய் செர்வெல் ஆற்றோடு கலந்துவிடுகிறது. நுழைவிடத்தில் நீர்மட்டப் பலகை இருக்கும். பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் யோசிக்க வேண்டும், சிவப்பு என்றால் போகவே கூடாது. சிவப்பில் போனால் காப்பீடும் கைகொடுக்காமல் போகலாம். குளிர்கால மழைக்குப் பிறகு நாள்கணக்கில் சிவப்பு நிற்பதுண்டு. ஆகவே தொட்டியை நிரப்பி, கேசட்டைக் காலி செய்து, கரி வாங்கி வைத்துக்கொண்டுதான் ஹெய்ஃபோர்டைத் தாண்டுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை லாக் பழுதுபார்ப்புக்காகவும் அடைப்பு இருக்கும், அறக்கட்டளையின் அறிவிப்பைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்க்க வேண்டாம்.

த்ரப் கிராமம் வந்தால் தண்ணீரும் கழிவுக் கொட்டிடமும் கிடைக்கும். அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக்குள் போய்க் கட்ட இடம் தேடுவதைவிட, படகைத் த்ரப்பிலோ அருகிலோ விட்டுவிட்டுப் பேருந்தில் போய்வருவது நிம்மதி. தேம்ஸில் இறங்க நினைப்பவர்கள் ட்யூக்ஸ் கட் வழியாகவோ ஐசிஸ் லாக் வழியாகவோ போகலாம். தேம்ஸ் சுற்றுச்சூழல் முகமையின் கையில் இருப்பதால் தனி உரிமம் வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து ஒரே கோல்டு உரிமமும் உண்டு. தேம்ஸ் ஓடும் நதி என்பதால் நங்கூரமும், தேவையான அளவு சங்கிலியும், உடம்பில் மிதவைச் சட்டையும் இல்லாமல் இறங்காதீர்கள்.